பார்க்காததைச் சொல்லாதவர்

வீடு இல்லாதவர்களுக்குக் கண்ணை மூடி உட்காருவதைப் போலக் கஷ்டமான வேலை வேறில்லை. படுத்துத் தூங்குவது வேறு. அது அசதி அடித்துப் போடுவது. விழித்திருக்கும்போது, மனசறிந்து, கண்ணை மூட வேண்டுமென்றால் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவரும் முகத்துக்கு முன்னால் ஒரு கதவும் வேண்டும். எங்களுக்குச் சுவர் மட்டும் இருந்தது. அதுவும் ஒரு பருப்பு வியாபாரியின் கிட்டங்கிச் சுவர்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்தது அந்தச் சரக்குக் கிட்டங்கி. எழுபதுகளின் நடுவில் அதன் வெளிச்சுவரை ஒட்டிப் பத்துப் பதினைந்து பேர் குடியிருந்தோம். குடியிருந்தோம் என்பது வாய்ப்பழக்கம். கிடந்தோம். நானும் என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவும் சாயர்புரத்துக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊர். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். புதுத் துறைமுகத்துக்குக் கல் சுமக்க வந்தோம். கடலுக்குள் கல் போட்டு முடிந்ததும் கான்டிராக்டர் எங்கள் ஓலைக் குடிசைகளைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஊரில் பாகம் பிரித்ததில் எங்களுக்கு ஒரு மூலைகூட மிஞ்சவில்லை. கையில் பால்குடி மறக்காத மகள். சுடலைமுத்து கிட்டங்கியில் கூப்பிட்ட நாளில் மூட்டை தூக்குவார். கூப்பிடாத நாளில் கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

கிட்டங்கிக்குள் சாக்குத் தைக்கிறவர்தான் நான் சொல்ல வந்த ஆள். ரொம்ப வருஷம் கொழும்பில் இருந்து திரும்பியவர் என்பதால் எல்லோரும் கொழும்பு அண்ணாச்சி என்றார்கள். உண்மையான பெயரை யாரும் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டிய வயது. தனி ஆள். ஒரு சந்துக்குள் வாடகைக்கு அறை வைத்திருந்தார். கிழிந்த சாக்கை மடியில் போட்டுக் கோணி ஊசியால் மூட்டும்போது, அந்த ஊசி போகிற இடத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாதவர் போல இருப்பார்.

சாயங்காலம் கிட்டங்கிக் கதவை அடைத்ததும் அவர் அறைக்குப் போகமாட்டார். எங்களோடு தரையில் வந்து உட்காருவார். எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. ஏதாவது கொடுத்துவிட்டுப் புத்தி சொல்கிறவர்கள், ஒன்றும் கொடுக்காமலே புத்தி சொல்கிறவர்கள். இவரை எதில் சேர்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். பிறகு ஒரு நாள் கேட்டார்.

“மூச்சு உள்ள போகதையும் வெளிய வாரதையும் பாத்திருக்கீங்களா?”

“அது நின்னுபோனா தானே தெரியப்போவுது அண்ணாச்சி,” என்றார் சுடலைமுத்து.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் உபயோகமில்லாத சாக்குகளை நாலாக மடித்துக் கொண்டுவந்து போட்டு, அதில் உட்காரச் சொன்னார். கொழும்புப் பக்கம் ஒரு விகாரையில் ஒரு வயசான பிக்குவிடம் படித்ததாம். புத்தர் சொல்லிக் கொடுத்ததாம். சாமி கும்பிடுவது இல்லை, மந்திரம் இல்லை. மூக்கு நுனியில் மூச்சு படுகிற இடத்தைக் கவனித்துக்கொண்டு இருக்க வேண்டும். மனசு எங்காவது ஓடினால், ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

“இதச் செஞ்சா என்ன கிடைக்கும்?” என்று கேட்டாள் பாக்கியத்தக்கா.

“ஒண்ணும் கிடைக்காது.”

“பொறவு என்னத்துக்குச் செய்யணும்?”

“சும்மாதான இருக்கோம் இங்கன?” என்றார்.

பாக்கியத்தக்கா ஆலந்தலைக்காரி. மகனைக் கடல் கொண்டுபோய், மருமகள் வீட்டைப் பிடித்துக்கொண்டதும் இங்கே வந்து சேர்ந்தவள். கழுத்தில் ஜெபமாலை. புத்தர் சொன்னதைச் செய்தால் மாதா கோபித்துக்கொள்ளுமோ என்று அவளுக்குப் பயம்.

“மாதாவ நான் பாத்ததில்ல அக்கா. நீங்க பாத்திருக்கீங்களா?”

“கனவுல பாத்திருக்கேன்.”

“அப்ப நீங்கதான் கேக்கணும்.”

மறுநாள் வந்து, “கேட்டேன். ஒண்ணும் சொல்லல,” என்றாள்.

“அப்ப உக்காருங்க.”

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் இந்த ஒரு குணத்தைத்தான் சொல்ல வேண்டும். தன் கண்ணால் பார்க்காத எதையும் அவர் சொல்லமாட்டார். எங்களில் கால் விளங்காத ஒருவர் உண்டு. தேவாலய வாசலில் ஒருவர் அவரிடம் பாவத்தின் சம்பளம் என்று சொல்லியிருந்தார், கோயில் வாசலில் இன்னொருவர் போன ஜென்மத்து வினை என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு நாள் இதைக் கொழும்பு அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டார்.

“போன ஜென்மத்த நான் பாக்கல. ஒம்ம கால பாக்கேன். வலிக்கா?”

“வலிக்கி.”

“எங்கன? முட்டியிலயா, அதுக்குக் கீழயா? விட்டு விட்டு வருதா, ஒரே சீரா இருக்கா?”

அன்று சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் அந்த வலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் ஒரு ஊரைப் பற்றிப் பேசுவது போல. கடைசியில் அந்த மனுஷன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வலி குறையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வாயில் பாவம் என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை.

பசியைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொன்னார். “நான் பட்டினி கெடந்திருக்கேன். மொதல்ல கடிக்கும். பொறவு தூங்கும். பொறவு எந்திரிச்சு மறுபடி கடிக்கும். மூச்சப் பாத்தா பசி போயிரும்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க. போகாது.”

பொய் சொல்லாத ஒருவர் கூட இருப்பது, எங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பாட்டுக்கு அடுத்த சுகம். எங்களிடம் எல்லோரும் பொய் சொல்வார்கள். நாளைக்கு வேலை உண்டு என்பார்கள். குடிசை கட்ட இடம் வரப்போகிறது என்பார்கள். நாங்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

என்னால் மட்டும் கண்ணை மூட முடியவில்லை. சாலையில் போகிற வருகிற ஆண்களை நம்பிக் கண்ணை மூட எந்தப் பெண்ணால் முடியும்? மூடினால் மறு நொடியே திறந்துகொள்ளும். மகள் மடியில் இருக்கிறாளா என்று கை தடவும். அவர் சிலநாள் பார்த்தார். ‘பயப்படாத, ஒண்ணும் ஆவாது’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

“செல்லக்கனி, நான் தொறந்து வச்சிருக்கேன். நீ மூடு,” என்றார்.

தன் சாக்கை நகர்த்திப் போட்டு, எங்களைப் பார்த்து உட்காராமல், சாலையைப் பார்த்து உட்கார்ந்தார். அன்று நான் கண்ணை மூடினேன். முதலில் பருப்புத் தூசி நெடியும் கடல்காற்றின் உப்பும் மூக்கில் ஏறின. பிறகு மூச்சு வந்தது, போனது. கல் சுமக்க வந்த நாளிலிருந்து என் உடம்பு இறுக்கிப் பிடித்து வைத்திருந்த ஏதோ ஒன்று கழுத்திலிருந்து இறங்கிப் போனது. கண்ணைத் திறந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். அவர் அப்படியே சாலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு என்று தெரிய எங்களுக்குக் கொஞ்ச காலம் ஆனது.

லாரியில் மூட்டை ஏற்றும்போது சாக்கு கிழிந்து வாசலில் பருப்பு சிந்தும். பாக்கியத்தக்கா அதைக் கூட்டி எடுத்து, கல் பொறுக்கி, கஞ்சி வைப்பாள். சிந்தியது போதாத நாளில், கிழிசலுக்குள் விரலை விட்டுக் கொஞ்சம் சிந்த வைப்பாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிட்டங்கி மானேஜருக்குச் சந்தேகம் வந்து, கொழும்பு அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறபோதே கேட்டார்.

“அந்தப் பொம்பள சாக்கக் கிழிக்கதப் பாத்தீரா?”

“பாத்தேன்.”

“எத்தன நாளா?”

“எண்ணல. பாத்திருக்கேன்.”

அன்றிலிருந்து பாக்கியத்தக்கா வாசல் பக்கமே போகக்கூடாது என்று ஆகிவிட்டது. நாங்கள் அவரை விட்டுவைக்கவில்லை. நானே கேட்டேன், தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்து போயிருக்கும் என்று. அவர் மறுநாளிலிருந்து தன் தூக்குவாளிச் சோற்றில் பாதியைப் பாக்கியத்தக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசிவரை கொடுத்தார். அவள் வாங்கித் தின்றுகொண்டே, “மொதல்ல மண்ணள்ளிப் போட்டுட்டு, பொறவு சோறு போடுதீரா?” என்பாள். ஆனால் சாயங்காலம் முதல் ஆளாகச் சாக்கை விரித்து உட்காருவதும் அவள்தான்.

இந்தச் சம்பவத்தால் கிட்டங்கியில் அவருடைய மதிப்புக் கூடிப்போனது. கொழும்பான் சொன்னால் சரியாக இருக்கும் என்று மானேஜரே பேசிக்கொண்டார்.

அந்த வருஷம் மழை முடிந்து சரக்கு மும்முரமாக வந்துகொண்டிருந்த ஒரு காலை நேரம். கிட்டங்கிக்குள் பருப்பு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரைக்கும் அட்டி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு அட்டி சாய்ந்து நின்றது. மேஸ்திரி வாசலுக்கு வந்து சுடலைமுத்துவைக் கூப்பிட்டார். நான் குழாயடியில் இருந்தேன், பார்க்கவில்லை. கால் விளங்காதவர் பார்த்தார், பாக்கியத்தக்கா பார்த்தாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டது. கடலில் ஏதோ கப்பல் இடித்துவிட்டது என்று நினைத்தேன்.

மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி எடுத்தார்கள். சுடலைமுத்துவின் முகத்தில் காயமில்லை. காதிலும் மூக்கிலும் பருப்புத் தூசி.

அவருடைய சாவுக்கு அழுது முடிப்பதற்குள் இரண்டாவது சாவு வந்தது. சுடலைமுத்துவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை, பின்பக்கமாகப் பருப்புத் திருட நுழைந்தவன் மேல் அட்டி சரிந்துவிட்டது என்று கிட்டங்கியில் சொல்லிவிட்டார்கள். அன்றாடக் கூலிக்கு ஆள் கூப்பிடுவதில் எழுத்து எதுவும் கிடையாது. வாயால் கூப்பிடுவார்கள், வாயால் இல்லை என்பார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், “அந்தப் பருப்புக் களவாணி பொண்டாட்டி,” என்றாள். மகள் என் இடுப்பில் இருந்தாள். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை, காது மட்டும் இருந்தது.

துறைமுகத்துச் சங்கத்துக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு மனு எழுதிக் கொடுத்தார். தொழிலாளர் அதிகாரி விசாரிப்பதாகச் சொன்னார். வேலைக்குப் போய்ச் செத்தான் என்று எழுத்தில் வந்தால் போதும் என்று இருந்தேன். கூட மூட்டை தூக்கியவர்கள் மேஸ்திரியின் சொந்தக்காரர்கள், வாய் திறக்கமாட்டார்கள். வாசலில் கிடக்கிற எங்கள் சாட்சியை யார் மதிப்பார்கள்? மிச்சம் இருந்தது கொழும்பு அண்ணாச்சிதான். அன்று அவர் கிட்டங்கிக்குள் சாக்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். ‘ஏலே சுடல, மேல ஏறி அந்த அட்டியச் சரி பண்ணுலே’ என்ற குரல் அவர் காதில் விழுந்தது. எங்களிடம் அவரே சொன்னார்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“அண்ணாச்சி, மேஸ்திரி கூப்புட்டதப் பாத்தேன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கேட்டேன்னு சொல்லுதேன்.”

“கேட்டேன்னா வக்கீலு ஊதித் தள்ளிருவானாம். பாத்தேன்னு சொல்லணுமாம். ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா, மேஸ்திரிதான் கூப்புட்டான்னு?”

“தெரியும்.”

“அப்ப சொல்லுங்க.”

 அவர் அதுவரை யாருக்கும் சொல்லாத கதை ஒன்றைச் சொன்னார்.

“கொழும்புல கலவரம் வந்தப்ப நான் இருந்த கடைய எரிச்சுட்டாங்க. ஓடிப்போயி ஒரு விகாரைக்குள்ள விழுந்தேன். அங்க இருந்த பிக்கு என்ன வாழத்தோட்டத்துக்குள்ள ஒளிச்சு வச்சாரு. கூட்டம் வந்து கேட்டுது, தமிழன் எவனாச்சும் உள்ள இருக்கானான்னு. அவரு இல்லன்னாரு. போயிட்டாங்க. அதுக்குப் பொறவு அந்த மனுஷன் ஊர்க்காரங்களுக்குப் பாடம் சொல்ல உக்காரவே இல்ல. பொய் சொன்ன வாயின்னாரு. எனக்கு மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாரு. நான் அவருகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் செல்லக்கனி. என்னால ஒருத்தர் வாய் கெட்டுது. என் வாய நான் காப்பாத்தி வச்சிருக்கேன்.”

“அந்தச் சாமி அன்னைக்கு நெசம் சொல்லியிருந்தா நீங்க இன்னைக்கு இருப்பீங்களா?”

“இருக்கமாட்டேன்.”

“அப்ப ஒங்களுக்கு ஒரு பொய் வேண்டியிருந்துது. எனக்கு வேண்டாமா?”

 பாக்கியத்தக்கா அவர் காலைத் தொட்டாள். வயதில் மூத்தவள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த அறையில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்து பொய்யைத் தண்ணீர் மாதிரிச் சொன்னார். பிறகு கொழும்பு அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

“சத்தம் கேட்டுது. மேஸ்திரி சத்தம் மாரி இருந்துது.”

“மாதிரின்னா?” என்றார் கிட்டங்கி வக்கீல். “அவர் கூப்பிட்டதை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல.”

“இறந்தவர் மேல ஏறினதப் பாத்தீங்களா?”

“பாக்கல.”

“வெளிய கிடக்கிறவங்க இதுக்கு முன்னால பருப்பு எடுத்ததப் பாத்திருக்கீங்களா?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன்.

“ஒரு ஆள் எடுத்ததப் பாத்திருக்கேன்.”

அதிகாரி கெட்டவர் இல்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு எழுதிக்கொண்டார். வேலையின்போது இறந்ததற்குச் சாட்சியம் இல்லை என்று முடிந்தது.

பாதி உண்மையைச் சொன்னதற்கும் ஒரு கூலி உண்டு. மேஸ்திரியின் குரலைக் கேட்டேன் என்று சொன்ன ஆளைக் கிட்டங்கியில் வைத்துக்கொள்வார்களா? அந்த மாசமே நிறுத்திவிட்டார்கள். வேறு கிட்டங்கிகளிலும் சேர்க்கவில்லை. அறை வாடகை நின்றுபோய், ஒரு நாள் கையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் சுவருக்கு வந்தார். கால் விளங்காதவர் நகர்ந்து இடம் விட்டார். பாக்கியத்தக்கா, “இனி யாரு யாருக்குச் சோறு போடுதது?” என்று சொல்லிக்கொண்டே தன் சாக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நான் என் சாக்கைச் சுருட்டிக்கொண்டு சுவரின் அந்தக் கோடிக்குப் போனேன். அதற்காக அன்றும் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

அவர் வந்த பிறகு சிலநாள் சாயங்காலம் வழக்கம்போல உட்கார்ந்தார்கள். நான் போகவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பேன். முன்னெல்லாம் அசையாமல் இருப்பவர், இப்போது ஒரு சைக்கிள் மணி அடித்தால் திடுக்கிட்டுத் திரும்புவார். ரோந்துப் போலீஸ் தடியால் சுவரைத் தட்டிக்கொண்டு வரும்போது எங்களைப் போலவே உடம்பைக் குறுக்கிக்கொள்வார். பெட்டியின் மேல் ஒரு கை எப்போதும் இருக்கும். ஒரு நாள் பெட்டியும் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை.

பங்குனி வெயிலில் பாக்கியத்தக்கா வந்து எனக்கு ஒரு விஷயம் சொன்னாள். கொழும்பு அண்ணாச்சி அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்த அதிகாரியிடம் போயிருக்கிறார். மேஸ்திரி கூப்பிட்டதையும், சுடலைமுத்து அட்டியில் ஏறியதையும் தன் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார்.

“ஆபீசரு என்ன சொன்னாரு?”

“அன்னைக்குப் பாக்கலன்னு சொன்னீரே, வேல போன பொறவுதான் கண்ணு தெரிஞ்சுதாங்காரு. மொதலாளி மேல உள்ள கோவத்துல பேசுதீருன்னுட்டாரு. அது முடிஞ்சுபோன விஷயமாம். இவரு விடல. பாத்தேன், பாத்தேன்னு திரும்பத் திரும்பச் சொல்லுதாரு. கடைசில பியூன் கையப் பிடிச்சு வெளிய கொண்டாந்து விட்டான்.”

நான் எழுந்து அவரிடம் போனேன். சுவர் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரணைக்குப் பிறகு நான் அவரோடு பேசியது அன்றுதான்.

“இப்பப் போயி என்னத்துக்குச் சொன்னீங்க?”

“சொல்லணும்னு தோணிச்சு.”

“அன்னைக்குத் தோணலியா?”

என்னை நிமிர்ந்து பார்த்தார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது.

“அன்னைக்கு எனக்கு ரூம் இருந்துச்சு செல்லக்கனி,” என்றார்.

திட்டுவதற்கு நிறைய வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் பொய்யை வாங்கிக்கொள்ளக்கூட உலகத்தில் ஆளில்லாத ஒரு நாளில் சொல்லியிருக்கிறார். நான் கெஞ்சியபோது அதே வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது எப்படிப்பட்ட மதிப்பு என்றால், ஒரு மனுஷன் செத்த பிறகும் களவாணி ஆகாமல் காப்பாற்றுகிற மதிப்பு.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் பாக்கியத்தக்கா சாக்கை விரித்துப்போட்டு அவரைக் கூப்பிடுவாள். அவர் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். புதிதாக வந்த ஒருவன், நீங்க ஏதோ வித்தை சொல்லிக் கொடுப்பீங்களாமே என்று கேட்டதற்கு, “நான் சாக்குத் தைக்கிறவன்பா,” என்றார். கொஞ்ச நாளில் மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். மடித்த சாக்குகள் படுக்கையாகிவிட்டன. சாயங்காலங்களில் சீட்டாட்டமும் சண்டையும் வந்தன. சண்டை இருந்தால் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. அமைதியாக உட்கார்ந்திருந்து என்ன கண்டோம் என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

உப்பளத்தில் வேலை கிடைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டேன். உப்பு சுமக்கிறவர்களுக்கு ஓலைக் குடிசை கொடுத்தார்கள். கதவு என்று ஒரு தகரம் இருந்தது. முதல் நாள் அந்தத் தகரத்தைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூச்சு வரவில்லை. நெஞ்சில் அட்டி சரிந்துகொண்டே இருந்தது.

மறு வருஷம் ஒரு மத்தியானம் பாக்கியத்தக்கா உப்பளத்துக்கே தேடி வந்துவிட்டாள். கொழும்பு அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வயிற்றுப்போக்கு. சுவரில் கிடந்த எல்லோருக்கும் வந்தது, அவர் மட்டும் தேறவில்லை. சொந்தக்காரர்கள் யாராவது வந்து கேட்டால்தான் பிரேதத்தைக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அவர்களே எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்களாம்.

“அதுக்கு நான் என்ன செய்ய?” என்றேன்.

“எனக்குத் தெரியல ஏளா. ஒங்கிட்டச் சொல்லணும்னு வந்தேன்.”

தலையில் உப்புக் கூடை இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டு, கணுக்காலில் ஒட்டியிருந்த உப்பைக்கூடக் கழுவாமல் அவளோடு நடந்தேன். ஏன் போனேன் என்று மகள் பெரியவளான பிறகு கேட்டிருக்கிறாள்.  அவரை நான் மன்னிக்கவில்லை. அதுவும் நிஜம், போனதும் நிஜம்.

ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எதிரே சுவரோடு சுவராக, வெள்ளைத்துணி போர்த்தி ஒரு ஸ்டிரெச்சர். துணிக்கு வெளியே பாதம் தெரிந்தது.

“நீ யாரும்மா இவருக்கு?”

“மக.”

“சொந்த மகளா?”

“ஆமா.”

“பேரு?”

எங்கள் அப்பா பெயரைச் சொன்னேன். எங்கள் அப்பா பனையிலிருந்து விழுந்து செத்து அப்போது பல வருஷம் ஆகியிருந்தது.

“ஊரு?”

என் ஊரைச் சொன்னேன்.

“என்ன வேல பாத்தாரு?”

“வாத்தியாரு.”

“வாத்தியாரா? இப்படியா ஆளு கெடந்தாரு?” என்றவர், என் சேலைக் கரையையும் உப்பேறிய காலையும் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. கைநாட்டா கையெழுத்தா என்று மட்டும் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டார். யாரும் எதையும் பார்த்தாயா என்று கேட்கவில்லை.

பாக்கியத்தக்கா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். சிலுவை போட்டுக்கொண்டு, “வாய் கூசலியா ஏளா?” என்றாள்.

“கூசல.”

கிட்டங்கிச் சுவரிலிருந்து நாலு பேர் வந்து வெளியே வெயிலில் நின்றார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டு, தலைமாட்டை நான் பிடித்துக்கொண்டேன்.